சத்தம் வந்தால் போதுமா?

மன்னார்க் கூத்துகளுக்கு ஏடும் உண்டு, அச்சும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றீக்கு எம்பரதோர் நாடகத்தையும் மூவிராசாக்கள் வாசகப்பாவையும் பதிப்பித்துக் கொடுத்ததால் அவற்றின் சொற்கள் தப்பிவிட்டன. ஆனால் யாழ்ப்பாணப்பாங்கிலிருந்து மாதோட்டப்பாங்கு எந்த இடத்தில், எந்த இழுப்பில் விலகுகிறது என்பதை எந்தப் பதிப்பும் சொல்லாது. அது அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. இல்லாவிட்டால், யாரோ ஒருவர் மேடைக்கு முன்னால் வைத்த ரேப் றெக்கோடருக்குள் இருக்கிறது. கூத்து மட்டுமல்ல, தவக்காலப் பசாம், வியாகுலப் பிரசங்கம், கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு எல்லாமே இப்படித்தான். யுத்தமும் இடப்பெயர்வும் தின்றது போக மிஞ்சிய கசற்றுகள் உப்புக் காற்றில் கிடக்கின்றன. சிலவற்றின் நாடாவை இன்னும் ஒரே ஒரு தடவைதான் முழுதாக ஓட்ட முடியும்.

அந்த ஒரு ஓட்டத்தைப் பிடிப்பதற்குக் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய கணினி. பங்குமனையிலோ சனசமூக நிலையத்திலோ விண்டோஸ் எக்ஸ்பியோடு, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் விண்டோஸ் 7ஓடு, அது இன்னமும் உயிர் வாழ்கிறது. காரணம் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகளும் பேஜ்மேக்கரும். கசற் பிளேயரிலிருந்து ஒரு வயர், யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்று, பிறகு இந்தக் கணினி. சங்கிலி அவ்வளவுதான். செருகியதும் கணினி பெட்டியை அடையாளம் காணாது; கண்டாலும் சத்தம் வராது; வந்தாலும் இடையிடையே டிக் டிக் என்று வெட்டும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அந்த வைத்தியங்களைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்கப் போகிறேன். ஊரில் இதற்கு வழங்கும் படிக்கல் ஒன்றுதான்: "சத்தம் வருதா?" பாட்டுக் கேட்பதற்கு அந்தப் படி சரி. இனி ஓட்ட முடியாத நாடாவின் ஒரே பிரதியை எடுப்பவருக்கு அது குறைநிறைப் படி. ஏனென்றால் இந்தச் சங்கிலியில் ஆபத்தான பழுதுகள் எல்லாம் சத்தம் வந்த பிறகுதான் தொடங்குகின்றன.

முதல் வைத்தியம், ட்றைவர் தேடுவது. எக்ஸ்பியோடு வந்த உலாவியால் இன்றைய தளங்களைத் திறக்க முடியாது. அதற்குத் தெரிந்த மறையாக்க நெறி டிஎல்எஸ் 1.0 உடன் நின்றுவிட்டது, தளங்களோ 1.2க்குக் கீழே பேசுவதை நிறுத்திவிட்டன. ஆகவே வேறொரு கணினியில், அதுவும் பெட்டியைச் செய்த கொம்பனிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு தரவிறக்கத் தளத்திலிருந்து, பென்ட்றைவில் ஏறி வருகிறது ட்றைவர். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை. அப்படிப்பட்ட கணினியின் அடிமடியில், யார் கட்டியதென்று தெரியாத நிரலொன்றை உட்காரவைப்பது வைத்தியமா என்பதை விடுவோம். இதில் வேடிக்கை வேறு: பெரும்பாலான மலிவுப் பெட்டிகளுக்குத் தனி ட்றைவரே தேவையில்லை.

யூஎஸ்பி ஒலிக்கான பொது நெறியின் முதல் வடிவம் 1998இல் வெளிவந்தது. அதைப் பின்பற்றும் பெட்டியை விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, 2000, எக்ஸ்பி, 7 எல்லாமே தம்மோடு வரும் பொது ட்றைவராலேயே இயக்கும். சீ-மீடியாவின் சிஎம்108, டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் பிசிஎம்2902 போன்ற சில்லுகளை வைத்துச் செய்த எளிய பெட்டிகள் இந்த வகை. நெறியின் இரண்டாம் வடிவம் 2006இல் வந்தது. இங்கேதான் பிரிகோடு விழுகிறது. லினக்ஸும் அப்பிள் மாக்கும் 2010லேயே இரண்டாம் வடிவத்தைக் கற்றுக்கொண்டன. மைக்ரோசொஃப்ட் அதற்கான பொது ட்றைவரை 2017இல்தான், விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. ஆகவே இரண்டாம் வடிவம் மட்டும் பேசும் புதிய பெட்டியை எக்ஸ்பியில் செருகினால், கொம்பனி எக்ஸ்பிக்கென்று ட்றைவர் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரவு முழுவதும் இருந்து தேடினாலும் இல்லாத ட்றைவர் வரப் போவதில்லை. 64 பிட் விண்டோஸ் 7இல் இன்னொரு முடிச்சும் உண்டு. பின்னாளில் வந்த ட்றைவர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் ஒப்பமிடப்பட்டவை. 2015இல் வந்த கேபி3033929 என்ற திருத்தமோ அதற்குப் பிந்திய திருத்தமோ ஏறாத கணினி அந்த ஒப்பத்தை நம்பாது. சரியான ட்றைவரையே நிராகரித்துவிட்டு, ஏதோ ட்றைவரில் பிழை இருப்பது போலச் செய்தி காட்டும்.

எனவே முதல் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடலாம். ட்றைவர் தேடும் வைத்தியம் பெரும்பாலும் வீண். முதல் வடிவப் பெட்டிக்கு அது தேவையில்லை. இரண்டாம் வடிவப் பெட்டிக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்வி "ட்றைவர் எங்கே?" என்பதல்ல, "இந்தப் பெட்டி எந்த வடிவம்?" என்பது. சில பெட்டிகளில் முதல் வடிவத்துக்கு இறக்கிவிடும் ஆளி ஒன்று பின்பக்கத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் ஐந்து நிமிடம், தேடலில் போகும் ஐந்து மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது வைத்தியம், விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவது. கணினிக் கடைகளில் எதற்கும் இதுதான் மருந்து. சில வேளை வேலையும் செய்கிறது. அதனால்தான் இதன் மேல் இவ்வளவு நம்பிக்கை. ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று பார்த்தால் பழுது ஒலியிலேயே இல்லை என்பது தெரியவரும். எண்ணெய் ஏறாத வெளியிணைப்பு எஞ்சினுக்குக் காற்றாடியை மாற்றும் வேலை இது.

இதற்கு எக்ஸ்பியில் நல்ல உதாரணம் வன்தட்டு. வட்டு வாசிப்பில் பிழையோ தாமதமோ ஆறு தடவை சேர்ந்தால், எக்ஸ்பி அந்த வட்டை டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும். யாருக்கும் சொல்லாது. தானாகத் திரும்ப ஏற்றவும் மாட்டாது. பிஐஓவில் ஒவ்வொரு எழுத்துக்கும் செயலியே சுமை தூக்க வேண்டும். அந்தச் சுமையில் ஒலித்துண்டுகள் நேரத்துக்கு எடுக்கப்படாமல் விழுந்துபோகும். பதிவில் டிக் டிக். பழி ஒலி ட்றைவருக்கு. விண்டோஸைத் திரும்பப் போட்டால் டிஎம்ஏ திரும்ப வரும், டிக் போகும். ட்றைவர் திருந்தியதாக எல்லோரும் நம்புவார்கள். வட்டு தேய்ந்துகொண்டிருந்தால் மூன்று மாதத்தில் அதே கதை. சாதன முகாமையில் ஐடிஇ கட்டுப்படுத்தியின் தடத்தை நீக்கிவிட்டுக் கணினியை மீள ஏற்றினால் போதும், டிஎம்ஏ வந்துவிடும். பாமினிக் கோப்புகளும் பிழைக்கும். அதோடு, வட்டு சாகப் போகிறது என்ற எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம்.

"நேற்று வேலை செய்தது, இன்றைக்கு இல்லை" என்ற முறைப்பாட்டுக்கும் இப்படியொரு எளிய காரணம் உண்டு. மலிவுப் பெட்டிகளில் தொடரிலக்கம் பதிக்கப்பட்டிருக்காது. தொடரிலக்கம் இல்லாத சாதனத்தை விண்டோஸ் அது செருகப்பட்ட துளையை வைத்தே அடையாளம் காணும். நேற்று இடப்பக்கத் துளை, இன்று வலப்பக்கத் துளை என்றால் அதற்கு இது புதிய சாதனம். திரும்ப நிறுவும், பழைய அமைப்புகள் போகும், பதிவு நிரல் வேறு உள்ளீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். மருந்து என்னவென்றால் துளைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாள். ஹப்பில் செருகுவதும் கூடாது. பழைய வேகத்தில் பேசும் பெட்டிகள் புதிய ஹப்புக்குப் பின்னால் இருந்தால், அவற்றுக்கான 12 மெகாபிட் வழியை ஹப்பில் உள்ள மொழிபெயர்ப்பி பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒலி ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் ஒரு பொதியாகப் போகிறது. தவறிய பொதியை யூஎஸ்பி ஒலி திரும்பக் கேட்பதில்லை. போனது போனதுதான்.

உறுமல் இன்னொரு தவறான சந்தேக நபர். பதிவின் அடியில் ஒரே சுருதியில் உறுமல் கேட்டால் உடனே ஒலிப்பெட்டி கூடாது என்கிறார்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். உறுமல் நின்றால் அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் புவிச்சுற்று. பிளேயரும் கணினியும் வெவ்வேறு பிளக்கில், வெவ்வேறு புவியிணைப்பில், அல்லது ஒன்றுக்குப் புவியிணைப்பே இல்லாமல் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நீட்டுப் பலகையில் செருகுவது முதற் சிகிச்சை. இதை எந்த ட்றைவரும் குணமாக்காது. கடற்கரையில் யூஎஸ்பித் துளையின் தகடுகளில் களிம்பு பிடிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இவை எல்லாம் கூச்சல் போடும் பழுதுகள். கூச்சல் போடுவதால் பரவாயில்லை. நான் அஞ்சுவது வாய் திறக்காதவற்றுக்கு.

விண்டோஸ் 7, பிசிஎம்2902 போன்ற சில்லு வைத்த பெட்டியின் உள்ளீட்டை ஒலிவாங்கி என்று எண்ணி ஒற்றைத் தடமாக எடுத்துவிடுவது பலரும் கண்ட குறை. இரட்டைத் தடத்தில் மத்தளம் ஒரு பக்கம், பிற்பாட்டு ஒரு பக்கம் என்று பதிவான நாடா ஒன்றாகக் குழைந்துவிடும், அல்லது ஒரு பக்கமே காணாமற் போகும். சத்தம் என்னவோ நன்றாகத்தான் வரும். ஒலி அமைப்பில் உயர்நிலைத் தாளைத் திறந்து இரண்டு தடம், 48000 ஹேர்ட்ஸ் என்று தேர்ந்தால் தீர்ந்தது. ஆனால் திறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எக்ஸ்பியில் கேமிக்ஸர் என்ற உட்கலவை இருக்கிறது. நிரல் கேட்கும் மாதிரி வீதமும் பெட்டியின் வீதமும் ஒத்துவராவிட்டால் அது தானே வீதத்தை மாற்றிக் கொடுக்கும். மாற்றிய தடயம் கோப்பில் இருக்காது. நிரலில் 44100, பெட்டியில் 48000 என்று விட்டுவிட்டால், கிடைப்பது நாடாவின் ஒலி அல்ல. 2001ஆம் ஆண்டு நிரலொன்று நாடாவைப் பற்றிப் போட்ட கணக்கு.

இங்கே மூன்றாவது வைத்தியம் வருகிறது: ஏசியோ ஃபோர் ஆல். கேமிக்ஸரைச் சுற்றிக்கொண்டு நேரே பெட்டியோடு பேசும் இடையாள் நிரல் அது. கருவி நல்லது. இசைக்காரர் அதைப் போற்றுவதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வாசிக்கும்போதே தங்கள் ஒலியைக் கேட்க வேண்டும், தாமதம் குறைய வேண்டும், அதற்காகத் தாங்கு நினைவகத்தைச் சிறிதாக்குவார்கள். நமக்குத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. நாடா ஓடுகிறது, கணினி அரைச் செக்கன் பிந்தி எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? நமக்கு வேண்டியது பெரிய தாங்கு நினைவகம். கணினி ஒரு கணம் தடுமாறினாலும் துண்டு விழாமல் இருப்பது. இசைக்காரருக்கான அறிவுரையை அப்படியே எடுத்துச் சிறிதாக்கியவர்கள் வெட்டுகளைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, நம்மவர் பதிவுக்குப் பயன்படுத்தும் ஒடாசிட்டி, ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் உரிம நிபந்தனை காரணமாக நெடுங்காலம் ஏசியோ இல்லாமலே வெளியானது. நிறுவினோம், ஆனால் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே இந்த வேலைக்கு ஏசியோவைப் பரிந்துரைப்பது பொருந்தாத மருந்து. பெட்டி, விண்டோஸ், நிரல் மூன்றிலும் ஒரே மாதிரி வீதத்தை வைத்தால் கேமிக்ஸருக்கு வீதம் மாற்றும் வேலையே இல்லாமற் போகும்.

இனி, தரம் பற்றிய ஒரு வாதம். அனைத்துலக ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் தன் வழிகாட்டியில் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்கிறது. பிசிஎம்2902 தருவது 16 பிட். அதனால் மலிவுப் பெட்டியும் பழைய கணினியும் ஆவணத்துக்கு உதவா என்று தள்ளிவிடலாமா? வீட்டுக் கசற்றின் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 50 டெசிபெல். 16 பிட்டின் கொள்ளளவு 96. பானை பெரிது, தண்ணீர் கொஞ்சம். ஆனாலும் வழிகாட்டி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கூத்தில் கட்டியகாரன் மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மத்தளம் விழும். 24 பிட் இருந்தால் பதிவு மட்டத்தைத் தாராளமாகக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 16 பிட்டில் கவனம் வேண்டும். சரி, 24 பிட்டுக்குப் பழைய நெறி இடம் தராதா? தரும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், இரண்டு தடம் என்றால் ஒரு மில்லிசெக்கனுக்கு 288 பைட். முதல் வடிவம் ஓடும் முழுவேக யூஎஸ்பியில் ஒரு பொதிக்கு 1023 பைட் வரை இடம் உண்டு. ஆகவே பழைய நெறியால் தரம் குறையும் என்ற வாதம் எடுபடாது. முதல் வடிவம் பேசும் 24 பிட் பெட்டி கிடைத்தால் அதுதான் தேர்வு. கிடைக்காவிட்டால் 16 பிட்டில் ஒழுங்காக எடுத்த பதிவு, 24 பிட்டில் வெட்டுகளோடு எடுத்த பதிவைவிட நூறு மடங்கு மேல்.

ஒழுங்காக எடுத்தோமா என்பதை அறிய ஒரே வழி ஒத்திகை. உண்மை நாடாவைத் தொட முன்னர், கைபேசியிலிருந்து 1 கிலோஹேர்ட்ஸ் தொனியை ஒரு பக்கக் கசற்றின் நேரத்துக்கு, அதாவது 45 நிமிடத்துக்கு, பெட்டிக்குள் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒடாசிட்டியின் நிறமாலைத் தோற்றத்தில் பார்க்க வேண்டும். தொனி நேர்கோடாக ஓடும். ஒரு மாதிரி விழுந்திருந்தாலும் அந்த இடத்தில் கீழிருந்து மேலாக ஒரு செங்குத்துக் கீறல் தெரியும். காது விட்டதைக் கண் பிடிக்கும். சிலர் நேரத்தை அளந்து சரிபார்க்கச் சொல்கிறார்கள்: 48000 வீதத்தில் 45 நிமிடத்துக்கு 12,96,00,000 மாதிரிகள் இருக்க வேண்டும், குறைந்தால் பழுது என்று. அது நம்பத்தகாத சோதனை. பெட்டியின் கடிகாரமும் கைபேசியின் கடிகாரமும் பத்து இலட்சத்துக்கு 50 வேறுபட்டாலே கால் செக்கனில் பாதி கூடவோ குறையவோ வரும்; அதில் பழுது எதுவும் இல்லை. கீறலைத் தேடுங்கள், நேரத்தை விடுங்கள்.

பழைய கணினியே வேண்டாம் என்பவர்களுக்கும் காது கொடுக்க வேண்டும். கைபேசியை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துப் பதிவது பலர் செய்வது, அதை மறுக்கிறேன். கைபேசி தானாக மட்டத்தை ஏற்றி இறக்கும், பேச்சல்லாததை இரைச்சல் என்று வடிகட்டும். பசாமின் நீண்ட இழுவையை அது இரைச்சலாகவே எண்ணக்கூடும். மின்விசிறியும் சேவலும் இலவச இணைப்பு. அட்டையில் நேரே பதியும் கையடக்கப் பதிகருவி வேறு விஷயம். அதற்கு ட்றைவர் இல்லை, கேமிக்ஸர் இல்லை, மின்வெட்டு வந்தாலும் பற்றரியில் ஓடும். வயர் உள்ளீடு உள்ள அப்படியொன்றை இரவல் வாங்க முடிந்தால், இதுவரை எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதைப் பயன்படுத்துவதுதான் சரி. என் விண்டோஸ் ஆராய்ச்சிக்கு அது அவமானம், கசற்றுக்கு நல்லது.

இரவல் கிடைக்காத இடத்தில்தான் லினக்ஸ் போட்டிக்கு வருகிறது. அதே பழைய கணினியை இறுவட்டிலிருந்தோ பென்ட்றைவிலிருந்தோ லினக்ஸில் ஏற்றலாம். வன்தட்டில் உள்ள எக்ஸ்பியைத் தொட வேண்டியதில்லை. இரண்டு வடிவப் பெட்டிகளும் ட்றைவர் தேடாமலே ஓடும். ஆல்சா என்ற அதன் ஒலி அடுக்கில் பெட்டியின் சொந்த முகவரியை நேரடியாகத் தேர்ந்தால் இடையில் வீதம் மாற்ற ஆளில்லை. எதிர்வாதமும் உண்டு: பழகாத முகம், உதவிக்கு ஊரில் ஆள் குறைவு. 32 பிட் கணினிகளுக்கு வாசலும் மூடிக்கொண்டு வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின், 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு அவற்றுக்கு நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது. ஒரு ஊரின் கசற்றுகளை எடுத்து முடிக்க அது போதிய காலம்.

என் தீர்ப்பு இப்படி அமைகிறது. முதல் வடிவப் பெட்டியும் எக்ஸ்பியும் உள்ளவர்கள், இணையத்தைத் துண்டித்து, வைஃபையை அணைத்து, பொது ட்றைவரோடு, ஒரே துளையில், ஒரே வீதத்தில் பதிந்தால் குறை சொல்ல இடமில்லை. தொனி ஒத்திகையில் கீறல் விழாதவரை. அங்கே எக்ஸ்பியைப் பழையது என்பதற்காக மட்டும் தள்ளுவது பகட்டு. இரண்டாம் வடிவப் பெட்டி உள்ளவர்கள் எக்ஸ்பியோடு ஒரு மாலைப் பொழுதைக்கூடச் செலவிட வேண்டாம். நேரே லினக்ஸுக்குப் போகலாம். விண்டோஸ் 7 இவை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒற்றைத் தடப் பழக்கத்தைத் திருத்தினால் முதல் வடிவப் பெட்டிக்கு அது எக்ஸ்பியைவிடச் சற்று மேல், மற்றதற்கு அதே கதி.

பதிந்ததை அலைக்கோப்பாகவே, எம்பி3 ஆக்காமல், இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்; 24 பிட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ 778 மெகாபைட். கோப்புப் பெயரில் பாமினி வேண்டாம். வேறு கணினியில் அது வெறும் குறிக் குவியலாகத்தான் தெரியும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தைப் போன்ற எண்ணிமக் காப்பகங்களுக்கு ஒரு பிரதி போகலாம்; பாடியவர் பெயர், இடம், பாங்கு, ஆண்டு எல்லாம் கூடவே போனால்தான் அந்தப் பிரதியால் பயன். எக்ஸ்பி வட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க இன்னும் கொஞ்சக் காலம் அது வேண்டும்.